பதினான்காவது பிரிவு

ஓஸ்தவிக்
5 அக்டோபர் 2025

அன்புள்ள துர்கா,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்பது மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்து ஜன்னலோரம் நின்று திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்சாவின் போனிலிருந்து அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாய், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் காகிதம். கிழித்துப் போடலாம்தான், ஆனால் நீ படிக்காமல் கிழிக்கிற ஆள் இல்லை.

நீ பிளாக் செய்வதற்கு முன்னால் பேசியபோது பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்வதற்குள் உனக்குக் கோபம் வந்துவிட்டது. முழுவதையும் எழுதுகிறேன்.

செப்டம்பர் 23 சாயங்காலம் இந்த ஊர்ப் பள்ளிக்கூட ஹாலில் ஒரு கூட்டம் நடந்தது. நம்மைப் பற்றித்தான். இரண்டு அரசாங்கங்களும் போட்டுக்கொண்ட குடியேற்ற ஒப்பந்தத்தின்படி மூன்று வருஷத்தில் நானூறு நர்ஸ்கள் இந்த நாட்டுக்கு வரவேண்டும், அதில் நாற்பது பேர் இந்தச் சின்ன ஊருக்கு. ஊரின் மொத்த ஜனமே மூவாயிரம். எங்கள் முதியோர் இல்லத்தின் மேலாளர் அம்சா, மேரி, வசந்தா, நான் நாலு பேரையும் யூனிஃபார்மோடு போய் உட்காரச் சொன்னார். எங்களைப் பார்த்தால் ஊருக்குப் பயம் தெளிந்துவிடும் என்றார்.

யோரன் லிண்ட் என்று ஒருவர் பேசினார். எழுபத்து நாலு வயது. பயணிகள் கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒப்பந்தத்துக்கு எதிராக வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறவரும் அவர்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இந்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நீங்களும் போடவில்லை. நம் நாடாளுமன்றத்தில் ஒரு நாள்கூட விவாதம் நடக்கவில்லை. வேறு எங்கோ ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து முடிவுசெய்துவிட்டு நமக்குச் செய்தித்தாளில் சொல்கிறார்கள். நம் நாட்டுக்குள் யார் வரலாம் என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்? நம்மைக் கேட்கும்வரை இதை நிறுத்தி வையுங்கள்.” பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீங்கள் வருவதற்கு நான் சம்மதிக்கவில்லை” என்றார்.

நடுவில் அவர் அடிக்கடி ஒரு சொல்லைச் சொன்னார். வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்தேன். இறையாண்மை. கூடுவாஞ்சேரியில் இந்த ஊர் மொழி வகுப்பில் ஒன்பது மாதம் படித்தோமே, வலிக்கிறதா, திரும்புங்கள், மாத்திரை போட்டீர்களா என்று. இந்தச் சொல்லை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

அவர் உட்கார்ந்த பிறகுதான் பின்வரிசையிலிருந்து ஒரு இளவட்டம் எங்களைப் பார்த்து அந்த அசிங்கமான வார்த்தையைக் கத்தினான். பஸ் நிறுத்தத்தில் நாங்கள் கேட்டுப் பழகின வார்த்தை. நான் திரும்பி அவன் முகத்தையே பார்த்தேன். மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் அந்த வார்த்தையைச் சொன்னது லிண்ட் என்று எங்கள் இல்லத்தை நடத்துகிற கம்பெனி புகார் கொடுத்துவிட்டது. ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்களை இழிவாகப் பேசினால் அபராதம், ஜெயில் என்று இங்கே புதுச் சட்டம் இருக்கிறது. அவருடைய இணையப் பக்கத்தை மூடிவிட்டார்கள். கையெழுத்து வாங்குவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் நாலு பேரும் சாட்சி. வாக்குமூலத்தை அவர்களே டைப் செய்து கொண்டுவந்தார்கள். மற்ற மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு வேகமாகப் பேசினால் அவர்களுக்குப் புரியாது. யார் கத்தினார்கள் என்று பார்க்கவும் இல்லை. எனக்குப் புரிந்தது. நான் பார்த்தேன்.

துர்கா, அவர் அதைச் சொல்லவில்லை. அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் அழைத்தேன். “கையெழுத்தப் போட்டுட்டு வேலயப் பாருடி, அந்த ஆளு இன்னா உனக்கு மாமனா மச்சானா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

விஜி

*

அச்சரப்பாக்கம்
22 அக்டோபர் 2025

விஜயகுமாரிக்கு,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். திட்டச் சொன்னாய், திட்டுகிறேன்.

ஆகஸ்ட் மாதமே நான் வேலையை விட்டாயிற்று. வேலையில் இருக்கிறவர்களுக்கு விசா தேதி தரமாட்டோம் என்று பயிற்சி அலுவலகத்தில் சொன்னார்கள், விட்டேன். என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. இரண்டாவது குழுவில் இருபத்தாறு பேர் பெட்டி கட்டி வைத்திருக்கிறோம். மதுவந்தி நிச்சயதார்த்தத்தையே தள்ளி வைத்திருக்கிறாள். வழக்கு முடிகிறவரை யாரும் கிளம்ப முடியாதாம். புகார் பொய் என்று ஆகிவிட்டால் இந்த ஒப்பந்தமே ஆட்டம் காணும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

நீ யாருக்காக இதைச் செய்கிறாய்? உன்னை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னவனுக்காக. உண்மையின் மேல் உனக்கு எப்போதிலிருந்து இவ்வளவு பக்தி?

பெருந்தேவி அம்மாவை மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இருபத்தெட்டு படுக்கைக்கு நான் ஒருத்திதான். அந்தக் கோடியில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது இந்தக் கோடியில் அந்த அம்மா கட்டிலிலிருந்து விழுந்தார். இடுப்பு உடைந்து எட்டாவது நாள் போய்விட்டார். இருபத்தெட்டுக்கு ஒரு நர்ஸ் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதினேன். பெயர்கூடப் போடவில்லை. மறுநாளே நிர்வாகத்தில் கூப்பிட்டு, நான் எழுதியது பொய் என்று மன்னிப்புக் கடிதம் கொடு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார்கள்.

அன்றைக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. “உண்ம எங்கியும் ஓடிப் போவாது துர்கா. வேல போச்சுன்னா வராது. எழுதிக் குடுத்துடு.” பேனாவை உன்னிடமே கொடுத்துவிட்டேன். அந்தக் கடிதத்தை எழுதியதே நீதான். உன் கையெழுத்தில் எழுதினாய், கீழே நான் பெயரைப் போட்டேன். மூன்றாம் நாள் அந்த அம்மாவின் மகன் வந்து, “நீங்களே பொய்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே சிஸ்டர்” என்று கேட்டார். நான் வார்டுக்குள் போய்விட்டேன்.

எனக்கு ஒரு நியாயம், வெள்ளைக்காரக் கிழவனுக்கு ஒரு நியாயமா? கையெழுத்துப் போடு. இல்லையென்றால் எனக்கு எழுதாதே.

துர்காதேவி

*

ஓஸ்தவிக்
8 நவம்பர் 2025

அன்புள்ள துர்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நீ சொன்ன எல்லாமே நிஜம். அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். உன் நல்லதுக்கு என்று அன்றைக்கு நம்பினேன். பாதிதான் அது. நீ வேலையை விட்டு நின்றால், நிர்வாகத்தில் நாளைக்கு என்னையும் கூப்பிட்டு நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள். அந்த வார்டில் மற்ற நாட்களில் நானும் தனியாக ஷிப்ட் பார்த்தவள்தானே. அந்தப் பயமும் இருந்தது. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இத்தனை தூரம் வந்து, காகிதத்தில்தான் சொல்ல முடிகிறது. மன்னித்துவிடு என்று கேட்பதற்குக்கூட வெட்கமாக இருக்கிறது.

நான் கையெழுத்துப் போடவில்லை. மேலாளர் ஒன்றும் கத்தவில்லை. இங்கே யாரும் கத்த மாட்டார்கள். மறுநாள் அட்டவணையில் என் பெயர் சலவை அறையில் இருந்தது. காலையிலிருந்து போர்வைகளும் படுக்கை விரிப்புகளும்தான். மேரி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்சா மட்டும் குளியலறைப் பக்கம் தனியாக நிற்கும்போது, “ஏன்க்கா இப்டி பண்ற, எங்களையும் சேத்து அனுப்பிடப் போறாங்கக்கா” என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். லிண்டின் மனைவி எங்கள் இல்லத்தில்தான் இருக்கிறார். மறதி நோய், நாலு வருஷமாகப் படுக்கை. சலவை அறைக்குப் போகும்வரை அவரைக் குளிப்பாட்டியது, திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் நான். லிண்ட் தினமும் மூன்று மணிக்கு வந்து அவருக்குக் கஞ்சி ஊட்டுவார். அந்தக் கூட்டத்துக்கு முன்னாலும் என்னோடு பேசியதில்லை, அதற்குப் பின்னாலும் இல்லை. போன வாரம் விரிப்புகளை வைக்கப் போனபோது அறையில் அவர் இருந்தார்.

நான் கையெழுத்துப் போடவில்லை என்று அவருடைய வக்கீல் சொல்லியிருக்கிறார். “எனக்கு இரக்கம் வேண்டாம்” என்றார். “இது இரக்கமில்லை” என்றேன். “நீ சாட்சி சொன்னாலும் நான் மாற மாட்டேன். அந்த ஒப்பந்தம் தவறு என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன்” என்றார். “சொல்லுங்கள்” என்றேன். அப்புறம் என்ன நினைத்தேனோ, “உங்களை யாரும் கேட்கவில்லை என்று சொன்னீர்கள். எங்களையும் யாரும் கேட்கவில்லை” என்றேன். அவர் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார்.

அது நிஜம்தானே துர்கா? எங்கள் வழியனுப்பு விழாவுக்கு மாமல்லபுரம் ரிசார்ட்டுக்கு நீயும் வந்திருந்தாய். புல்வெளியில் மேஜை போட்டு, இரண்டு நாட்டுக் கொடியும் வைத்து, ஆளுக்கு முப்பத்தொன்பது பக்கம் கொடுத்தார்கள். கடல்காற்றில் தாள் பறக்கிறது என்று தண்ணீர் பாட்டிலை மேலே வைத்துக்கொண்டு, அவர்கள் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டோம். பின்னால் போட்டோ எடுக்க வரிசை நின்றது. ஒரு பக்கமும் படிக்கவில்லை. இப்போதுதான் படித்தேன். பதினான்காவது பிரிவு: ஒப்பந்தத்துக்கோ முதலாளிக்கோ பாதகமாக எந்தச் சபையிலும், ஊடகத்திலும், விசாரணையிலும் பேசக்கூடாது. சங்கத்தில் சேரக்கூடாது. மூன்று வருஷத்துக்கு வேறு இடத்தில் வேலை தேடக்கூடாது. மீறினால் திருப்பி அனுப்பலாம். இதை நம் சார்பில் ஒத்துக்கொண்டது நம் அரசாங்கம்தான். அந்தக் கிழவருக்கு அவர் ஊரில் வாயைக் கட்டினார்கள். எனக்கு நம் ஊரிலேயே கட்டி அனுப்பியிருக்கிறார்கள். உனக்கும் அதே தாள்தான் காத்திருக்கிறது.

விசாரணை டிசம்பர் 15. நான் போவேன். உன் பயணம் இதனால் கெட்டால் என்னை நீ மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் தெரியாமல் செய்தேன் என்று நினைக்காதே. தெரிந்துதான் போகிறேன்.

விஜி

*

அச்சரப்பாக்கம்
27 நவம்பர் 2025

விஜிக்கு,

இது பதில் இல்லை. நடந்ததைத் தெரிவிக்க எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி அலுவலகத்திலிருந்து வெங்கடராகவன் சார் வீட்டுக்கு வந்தார். கூட இன்னொருவர், யார் என்று சொல்லவில்லை. என் மாமியார் சாரதாம்பாள் காப்பி கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் உலகநாதன் டாக்சியை எடுக்காமல் வாசலிலேயே நின்றிருந்தார். வெங்கடராகவன் சார் மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு அரசாங்கம் பத்து வருஷம் பேசிப் போட்ட ஒப்பந்தம், ஒரு பெண்ணின் பிடிவாதத்தால் கெட்டுப்போகக்கூடாது, வெளிநாட்டுக் கோர்ட்டில் போய் நின்று நம் நாட்டின் பெயரை எடுப்பது சரியா என்று கேட்டார். எனக்கு அதில் பாதி நியாயமாகவும் பட்டது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஒரு தாளை எடுத்தார். விஜயகுமாரியோடு ஆறு வருஷம் வேலை பார்த்தேன், நிர்வாகத்தோடு சண்டை போடுகிற சுபாவம், அவள் பேச்சை நம்ப முடியாது, ஆஸ்பத்திரியைப் பற்றி முன்பு பொய்யான பதிவு போட்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்த விவகாரத்திலும் அவளுக்குப் பங்கு உண்டு என்று இருந்தது. நான் பட்டதை உன் மேல் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் உன் கையெழுத்தில் இருப்பதை எங்கேயோ தோண்டி எடுத்துவிட்டார்கள்.

“நீங்க இதுல போட்டாதாம்மா குழு கெளம்பும். இருவத்தாறு குடும்பம்மா” என்றார்.

உன் அம்மாவிடமும் போயிருக்கிறார்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து ஞானம்மாள் அம்மாவே எனக்கு போன் செய்து சொன்னார்கள். மகளுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று கேட்டதற்கு உன் அம்மா ஒன்றுதான் கேட்டார்களாம். “எம் பொண்ணு பொய் சொல்றாளா? அத்த மட்டும் சொல்லு. இல்லன்னா எழுந்து போ.” எழுந்து போய்விட்டார்களாம்.

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இரண்டு நாள் டைம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு இரண்டாவது நாள். மத்தியானம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் இதைத் தபாலில் போட்டுவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

துர்கா

*

ஓஸ்தவிக்
17 டிசம்பர் 2025

அன்புள்ள துர்கா,

உன் கடிதம் விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை தபாலில் வந்து, ஞாயிறு முழுதும் என் மேஜை மேல் இருந்தது. எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் தெரியுமா? மத்தியானம் என்ன ஆகியிருக்கும் என்று அதில் இல்லையே.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். அறுபது வயதுப் பெண்மணி. வேண்டாம் என்றேன். நிதானமாகத்தான் பேசினேன். லிண்ட் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னது வேறொருவன், பின்வரிசையில் இருந்தான், முகத்தைப் பார்த்தேன் என்றேன். “அவர் சொன்ன மற்றவை உங்களைப் புண்படுத்தவில்லையா?” என்று கம்பெனி வக்கீல் கேட்டார். “புண்படுத்தியது” என்றேன். “அப்படியானால்?” “அவர் என்னைத் திட்டவில்லை. நான் வருவதற்குச் சம்மதமில்லை என்றார். அவர் ஊர், அவர் சொல்லலாம். கேட்பதற்கு எனக்குக் கஷ்டமாக இருந்தது, அது வேறு.”

பிறகு அந்த வக்கீல் ஒரு தாளை எடுத்து வாசித்தார். இந்தியாவில் இவரோடு வேலை செய்தவரின் வாக்குமூலம் என்றார். கடைசியில் பெயரை வாசித்தார். சரியாக வரவில்லை, துர், கா, தேவி என்று மூன்றாக உடைத்து வாசித்தார்.

இது உண்மையா என்று நீதிபதி கேட்டார். நான் சொன்னேன்: “நான் எழுதின மன்னிப்புக் கடிதம் உண்மை. அதில் இருந்ததுதான் பொய். என் தோழி எழுதிய பதிவு நிஜம். அதைப் பொய் என்று எழுதச் சொன்னது நான். அன்றைக்கு எழுதினதைப் போல இன்றைக்கும் எழுதச் சொல்கிறார்கள். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.”

வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். லிண்டின் பக்கத்தைத் திறந்துவிட உத்தரவு. அன்று சாயங்காலமே பதினான்காவது பிரிவைக் காட்டி என் வேலையை முடித்துவிட்டார்கள். அம்சா, மேரி, வசந்தாவை ஒன்றும் செய்யவில்லை, அது வரைக்கும் நிம்மதி. டிக்கெட் கொடுத்துவிட்டார்கள், ஜனவரி 14 காலை ஏழரைக்குச் சென்னையில் இறங்குகிறேன். நேற்று ரேடியோவில் சொன்னார்கள், நாடாளுமன்றத்தில் விவாதித்து முடிவெடுக்கும்வரை யாரையும் புதிதாக வரவழைக்க மாட்டார்களாம். இரண்டாவது குழு இல்லை துர்கா. உன்னிடம் இதைச் சொல்லுகிற ஆளாக நான் இருக்க வேண்டியிருக்கிறது.

கோர்ட்டுப் படியில் லிண்ட் காத்திருந்தார். நன்றி என்று சொல்லவில்லை. “நாளை முதல் மறுபடி கையெழுத்து வாங்கப் போகிறேன்” என்றார். சரி என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் மனைவியை வலிக்காமல் இடது பக்கம் திருப்புவது எப்படி என்று காட்டித்தர முடியுமா என்று கேட்டார். நான் சலவை அறைக்குப் போனதிலிருந்து அந்த அம்மா இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் அழுகிறாராம். இன்றைக்குப் போய்க் காட்டினேன். முழங்காலை முதலில் மடிக்க வேண்டும், பிறகு தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில். நாலாவது தடவை அவருக்கே வந்துவிட்டது. அந்த அம்மா அழவில்லை. கைக்குட்டையை எடுத்து லிண்ட் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உன்மேல் கோபமா என்று கேட்பாய். வந்தது. இரண்டு நாளாக இருக்கிறது. நான் உனக்குச் செய்ததை நினைத்தால் குறைகிறது, உன் பெயரை அந்த ஆள் வாசித்ததை நினைத்தால் மறுபடி வருகிறது. சரிக்குச் சரி என்று எழுத எனக்கு வரவில்லை. ஒன்றை வைத்து ஒன்றை அழிக்க முடியவில்லை.

விஜி

*

அச்சரப்பாக்கம்
2 ஜனவரி 2026

விஜி,

ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். நீ கிளம்புவதற்குள் வந்து சேர்ந்தால் சரி.

கையெழுத்துப் போட்டது நான்தான். என்னை யாரும் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. மத்தியானம் வந்தார்கள், பேனாவைக் கொடுத்தார்கள், போட்டேன். போகும்போது வெங்கடராகவன் சார் என் மாமியாரிடம் காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். உலகநாதன் அன்றைக்கும் டாக்சியை எடுக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு, “இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சித்தான போட்ட?” என்று மட்டும் கேட்டார். படித்துத்தான் போட்டேன் என்றேன். எழுந்து போய்விட்டார்.

உன் கடிதத்தில், என் பதிவு நிஜம் என்று கோர்ட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இரண்டரை வருஷத்தில் ஒரு மனுஷி எங்கேயாவது அதைச் சொல்லமாட்டாளா என்று நான் எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அதை நீ சொல்லியிருக்கிறாய். உன்னைப் பொய்க்காரி என்று நான் எழுதிக்கொடுத்ததை வாசித்த அதே அறையில் நின்று சொல்லியிருக்கிறாய். அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள், அதாவது நேற்று, குழுவில் இருந்த எல்லோரையும் எங்கள் மொட்டை மாடிக்கு வரச்சொன்னேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். நம் பயணம் இல்லை என்று அவர்களுக்கு அலுவலகத்திலிருந்து யாரும் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி உன்னை மிகவும் கேவலமாகப் பேசினாள். நான் அவளை நிறுத்தி, நான் எழுதிக்கொடுத்த தாளைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் என்னையும் பேசினாள். கேட்டுக்கொண்டேன்.

பிறகு நமக்குக் கையெழுத்துக்கு வைத்திருந்த அந்த முப்பத்தொன்பது பக்கத்தையும் எடுத்து, பதினான்காவது பிரிவைத் தமிழில் சொன்னேன். மதுவந்திதான் கேட்டாள். “இத்த நம்ம பேர்ல யாரு ஒத்துக்கினு வந்தது?” எனக்குத் தெரியவில்லை. யார் என்று ஒரு பெயர்கூட அந்தத் தாளில் இல்லை, பதவிதான் இருக்கிறது. நமக்குப் புரிகிற மொழியில் முழு ஒப்பந்தத்தையும் கொடுக்க வேண்டும், அந்தப் பிரிவை எடுக்க வேண்டும் என்று இரண்டு அரசாங்கத்துக்கும் மனு எழுதினோம். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எட்டுப் பேர் போடவில்லை. நாளைக்கு மறுபடி வாய்ப்பு வந்தால் பெயர் கெட்டுவிடும் என்றார்கள். அவர்களை நான் என்ன சொல்ல முடியும்? மதுவந்திக்கு இன்னமும் போகத்தான் ஆசை. “போவேன்க்கா. ஆனா எழுதிக்கீறத படிச்சிட்டுதான் போவேன்” என்றாள்.

நான் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று அந்தக் கோர்ட்டுக்கு ரிஜிஸ்தர் தபாலும், பயிற்சி அலுவலகத்துக்கு ஈமெயிலும் நேற்றே அனுப்பிவிட்டேன். வழக்கு முடிந்த பிறகு அதனால் உனக்கு ஒரு பயனும் இல்லை. தெரிந்துதான் அனுப்பினேன். என் பெயரைப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிட்டதாக இன்று காலை மெசேஜ் வந்தது. அணுபுரத்தில் பக்கவாதம் வந்த ஒரு ரிட்டையர்டு ஊழியரை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். பத்தாம் தேதியிலிருந்து போகிறேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தால் அந்தச் சொல்லே கசக்கிறது. அந்தச் சொல்லை ஒரு தடவை பொய்க்கு எழுதிக்கொடுத்தாயிற்று. நேரில்தான் வேறு வார்த்தை கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

பதினான்காம் தேதி போகிப் பண்டிகை. புகையில் விமானம் இறங்கத் தாமதமாகும். எத்தனை நேரம் ஆனாலும் நிற்பேன். உன் அம்மாவை விடிவதற்கு முன்னாலேயே போய் ஏற்றிக்கொள்கிறோம். உலகநாதன் வண்டி ஓட்டுவார். அம்மா முன்சீட்டில். பின்னால் நீயும் நானும்தான். மீனம்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நீ பேசாமல் வருவதானால் பேசாமல் வா, நான் எதுவும் கேட்க மாட்டேன். திட்டுவதானால் வழி நெடுகத் திட்டிக்கொண்டு வா. வீடு வந்து சேர்ந்த பிறகும் மிச்சம் இருந்தால், நான் இறங்கி உள்ளே வந்து உட்காருகிறேன்.

துர்கா